ஃபயர்வாலை அணைத்துவிட்டு மறுபடி முயலவும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கொள்முதல் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டி வந்தது. தலைமை அலுவலகம் தூத்துக்குடியில். எல்லாக் கிளைகளின் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். சர்வர் தூத்துக்குடியில் இருக்கும். ஒவ்வொரு கணினியிலும் ஏஜெண்ட் என்ற சின்ன நிரல் உட்கார்ந்துகொண்டு பேட்ச் போடும், கணக்கு அனுப்பும். தங்கச்சிமடத்தில் பதினேழு கணினிகள். அதில் நான்குதான் சர்வர் திரையில் தெரிந்தன.

அங்கே கணினி வேலை பார்க்கும் தம்பி சொன்னது இது: "அண்ணே, ஃபயர்வால ஆஃப் பண்ணுனா வந்துருது. மூணு மெஷின்ல அப்படித்தான் வந்துச்சு. எல்லாத்துலயும் அப்படியே விட்டுருவமா?"

யார் சொன்னது என்று கேட்டேன். அச்செடுத்த வழிகாட்டியை நீட்டினான். அதில் அப்படித்தான் இருந்தது. எந்த நிறுவனத்து வழிகாட்டி என்பது இங்கே முக்கியமில்லை. இருபது வருடமாக இந்த ரகத்தில் நான் படித்தவை ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு நாவலுக்கோ கட்டுரைத் தொகுப்புக்கோ விமர்சனம் எழுதுகிறோம். கோளாறு நீக்கும் வழிகாட்டிகளுக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் படித்தவுடன் அப்படியே செய்யப்படுகிற எழுத்து இதுதான். அதனால் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பிழைச் செய்தி. "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை." விண்டோஸின் 53ஆம் எண் பிழை. இந்த ஒரு வரிக்குப் பின்னால் குறைந்தது நாலு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். கணினியின் பெயர் முகவரியாக மாறாமல் இருக்கலாம். 445 போர்ட் அடைபட்டிருக்கலாம். எதிர்முனையில் சர்வர் என்ற சேவையே நின்றுபோயிருக்கலாம். அல்லது அந்தக் கணினி ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்து, வெளியிலிருந்து எட்டவே முடியாததாக இருக்கலாம். நாலுக்கும் மருந்து வேறு. வழிகாட்டி இந்த நாலையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதில்லை. ஒரே மருந்தாக ஃபயர்வாலை அணைக்கச் சொல்கிறது. காய்ச்சல் என்று போனால் என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஊசி போடும் டாக்டர் மாதிரி.

அடுத்தது "அனுமதி மறுக்கப்பட்டது", 5ஆம் எண். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது: உள்ளூர் அட்மின் கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக நுழைந்தால் முழு அதிகாரம் கிடைக்காது. வழிகாட்டி என்ன சொல்கிறது? ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 1 ஆக்கி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கு என்கிறது. எதற்காக அந்தக் கட்டுப்பாடு வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைக்கும் அலுவலகங்களில் (நம்ம ஊரில் பெரும்பாலும் அதுதான்) ஒரு கணினி திருடனிடம் சிக்கினால் மற்ற பதினாறும் சேர்ந்து போகாமல் இருக்கத்தான் அது.

மூன்றாவது, ஏஜெண்ட் இருக்கும் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் பார்வையிலிருந்து விலக்கு என்பது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். வழிகாட்டி சர்வரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. சர்வருக்கு எது தடையோ அதெல்லாம் கோளாறு. கிளையில் இருக்கும் கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே தடைகள்தான் கதவும் பூட்டும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு வரலாறு இருக்கிறது. இந்த வகை மென்பொருள்கள் உருவானபோது நெட்வொர்க் என்றால் ஒரே கட்டடம், ஒரே டொமைன். சர்வர் கையை நீட்டினால் எல்லாக் கணினியும் எட்டும். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்து ஃபயர்வாலை இயல்பாகவே போட்டுவிட்டபோது அந்த உலகம் முடிந்துபோனது. வழிகாட்டிகள் மட்டும் அதைத் தற்காலிக இடைஞ்சலாக எண்ணி இன்னமும் அணைக்கச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இது வெறும் எழுத்துக் குறை இல்லை. ஏஜெண்டைத் தள்ளிவிடத் திறக்கச் சொல்லும் அதே 445 வழியாகத்தான் 2017 மே 12 அன்று வான்னாக்ரை ஓடியது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே பேட்ச் கொடுத்திருந்தது. கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டின. தங்கச்சிமடத்து மீன் அலுவலகத்தை எவன் தாக்கப் போகிறான் என்று கேட்பவர்கள் இந்தப் பஞ்சாயத்துகளை நினைத்துக்கொள்ள வேண்டும். புழு முகவரி பார்த்து வருவதில்லை.

ஆன்டிவைரஸ் விலக்குக்கு இன்னும் நேரடியான சாட்சி இருக்கிறது. 2021 ஜூலை 2, கசேயா நிறுவனத்தின் தொலை நிர்வாக மென்பொருள். அதன் ஏஜெண்ட் வேலை செய்யும் ஃபோல்டரை ஆன்டிவைரஸிலிருந்து விலக்கும்படி அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களிடம் கேட்டிருந்தது. ரீவில் கும்பல் தன் கோப்பை இறக்கியது அந்த ஃபோல்டருக்குள்தான். 800 முதல் 1500 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டதாகக் கசேயாவே மதிப்பிட்டது. ஸ்வீடனில் கூப் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடிக்கிடந்தன, பில் போடும் இயந்திரம் ஓடாததால்.

நம்மூர் உதாரணமும் உண்டு. சென்னையிலிருந்து கிளம்பிய சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு செய்யும் டெஸ்க்டாப் சென்ட்ரல் (இப்போது எண்ட்பாயிண்ட் சென்ட்ரல்) உலகம் பூராவும் பயன்படுகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் நிர்வாக மென்பொருளோடு தொடங்கிய கம்பெனி என்பதால் இந்தத் துறையில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம். 2020 மார்ச் 5 அன்று ஒரு ஆய்வாளர் கம்பெனிக்கு முன்கூட்டிச் சொல்லாமல் அதிலிருந்த ஓட்டையைப் பொதுவில் போட்டுவிட்டார். திருத்தம் ஓரிரு நாளில் வந்தது. ஆனால் அதே வாரத்திலேயே ஏபிடி41 என்ற குழு அதைப் பயன்படுத்த ஆரம்பித்ததாக ஃபயர்ஐ எழுதியது. 2021 டிசம்பரில் இன்னொரு ஓட்டைக்கும் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது. சோஹோவை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினேழு கணினியின் சாவியையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டால் திருடன் ஆணியைத்தான் தேடுவான். அவர்களுடைய ஆவணங்களில் எந்தப் போர்ட் எதற்கு என்று தெளிவாக எழுதியிருப்பதையும், தூரத்துக் கிளைக்குத் தனி வினியோக சர்வர் வைக்கும் வழி இருப்பதையும் பாராட்ட வேண்டும். பல போட்டியாளர்கள் அந்த அளவுகூட எழுதுவதில்லை.

சரி, தங்கச்சிமடத்துக்கு வருவோம். அங்கே என்ன கோளாறு என்று ஏஜெண்டின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஃபயர்வாலைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கிளையில் இணைப்பு சிம் போட்ட ரவுட்டர் வழியாக. அந்த மாதிரி இணைப்பில் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. தூத்துக்குடியிலிருந்து தள்ளினால் எந்தக் காலத்திலும் எட்டாது. ஏஜெண்டை இங்கேயே கையால் நிறுவி, அது உள்ளிருந்து சர்வரைக் கூப்பிட வேண்டும். அப்படியென்றால் ஃபயர்வாலை அணைத்த அந்த மூணு எப்படி வந்தன என்று கேட்டேன். தம்பி யோசித்துவிட்டு, "அதுல நான் செட்டப்பையும் கையாலதான்ணே ஓட்டுனேன்" என்றான். வழிகாட்டியின் புகழ் அப்படித்தான் பரவுகிறது.

கையால் போட்டதும் ஒன்பது வந்தன. மீதி நாலு? இரண்டில் ஏஜெண்ட் பதிவாகிறது, ஆனால் பேட்ச் இறங்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுகிறது. தூத்துக்குடிக்கு விபிஎன் போட்டிருந்த இரண்டும் அவைதான். சின்னப் பொட்டலம் போகிறது, பெரியது போவதில்லை. துண்டாக்காதே என்ற குறிப்போடு 1472 பைட் பிங் அனுப்பினால் பதிலே இல்லை, 1350இல் வருகிறது. வழியில் எங்கோ "பெரிசா இருக்கு, சின்னதாக்கு" என்று சொல்லும் செய்தியையே மறித்திருக்கிறார்கள். அளவைக் குறைத்ததும் ஓடியது. வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மூன்றாவதில் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கணினி. சாயங்காலம் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். மதர்போர்டின் பட்டன் செல் செத்துப்போயிருக்கிறது. காலையில் ஏற்றினால் தேதி 2009. சர்வரின் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் இணைப்பை மறுக்கிறது. சர்வர் திரையில் "தொடர்பு இல்லை" என்று மட்டும் வரும். ஏஜெண்டின் பதிவுக் கோப்பில்தான் சான்றிதழ் பற்றி எழுதியிருந்தது. முப்பது ரூபாய் செல்லுக்கு இரண்டு வாரம் அலைந்திருக்கிறார்கள்.

நான்காவது தொலையவே இல்லை. ஏற்கெனவே தெரிந்த நான்கில் ஒன்றிலிருந்து ஹார்ட் டிஸ்கை அப்படியே படியெடுத்துப் போட்டிருந்தார்கள். ஏஜெண்டின் அடையாள எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது. சர்வரில் ஒரே கணினி, காலையில் ஒரு பெயர், மதியம் இன்னொரு பெயர். ஏஜெண்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டதும் இரண்டானது.

கிளம்பும்போது தம்பி அந்த அச்செடுத்த தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். முதல் வரி: "தேதி சரியா இருக்கான்னு பாக்கணும்."