ஏஜென்சி மாறும்போது

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிகள் எழுந்த வேகத்திலேயே அவற்றைப் பராமரிக்கும் வேலைகளும் பெருகின. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர் என்று எதற்கும் ஆள் கிடைப்பதில்லை என்பதே அசோசியேஷன்களின் புலம்பல். வேலைக்குப் பஞ்சமில்லைதான். அதில் நிலைப்பதும் உயர்வதும்தான் அரிது. ஆட்களை ஏஜென்சி வழியாக எடுக்கும் முறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

அந்த முறையை முழுக்கப் பழிக்கவும் முடியாது. முன்பு மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் வாட்ச்மேன் குடும்பமே தங்கியிருக்கும். கணவருக்குக் காவல், மனைவிக்குப் பெருக்குவது, சம்பளம் ஒன்று. நள்ளிரவிலும் கூப்பிடுவார்கள். மூன்று பேரை மட்டும் வைத்திருக்கும் சிறு குடியிருப்புக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, பத்துப் பேராவது இருக்கவேண்டும். பல கட்டடங்களின் ஆட்களை ஒரே பட்டியலில் வைத்திருக்கும் ஏஜென்சி அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. பி.எஃப். எண்ணும் மருத்துவ அட்டையும் பலருக்குக் கிடைத்தது இப்படித்தான். இது சின்ன விஷயமல்ல.

கோளாறு விலைப்புள்ளியில் தொடங்குகிறது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. குறைவாகக் கேட்டவருக்கு ஓராண்டு ஒப்பந்தம். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் ஒரு வாசலுக்கு மூன்று பேர் வேண்டும். பன்னிரண்டு மணி நேரமாக்கினால் இருவர் போதும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்ற சட்டம் இந்தக் கணக்கில் எங்கே போகிறது என்று அசோசியேஷன் கூட்டங்களில் கேட்பவர் குறைவு.

அதைவிடப் பெரிய இழப்பு அனுபவம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் கட்டடத்தில் எந்த வால்வு எந்த பிளாக்குக்குப் போகிறது, எஸ்.டி.பி.யில் நுரை பொங்கினால் எதைக் குறைப்பது என்பதெல்லாம் அங்கேயே கிடந்து கற்றவை. ஒப்பந்தம் கைமாறினால் அந்த ஆளும் போகிறார். புதியவர் முதலிலிருந்து தொடங்குகிறார், போனவர் வேறொரு கட்டடத்தில் புது ஆளாக நிற்கிறார். கற்றதற்குக் கூலி இல்லை என்றால் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஏன் தங்குவார்? கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வரும் பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு மேலே இருப்பது சூப்பர்வைசர் என்ற ஒரே படி. பம்ப் அறைக்குள் பெருக்கப் போகலாம், மோட்டாரைக் கற்கப் போக முடியாது.

இத்தனைக்கும் ஏஜென்சி மலிவும் அல்ல. ஆளுக்கு 15,000 ரூபாய் பில் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யே 2,700 ரூபாய். நேரடியாக எடுத்தால் சம்பளத்துக்கு அந்த வரி கிடையாது. ஆனாலும் கட்டுகிறார்கள். பதிவேடு, விடுப்புக்கு மாற்று ஆள், பிடிக்காதவரை ஒரு போன் காலில் மாற்றும் வசதி எல்லாவற்றுக்குமான விலை அது. கடைசியாகச் சொன்னதற்கே அதிகம் கொடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

செக்யூரிட்டியை ஏஜென்சியிடம் விடுவதில் தவறில்லை. எலெக்ட்ரீஷியனையும் எஸ்.டி.பி. ஆபரேட்டரையுமாவது பெரிய குடியிருப்புகள் நேரடியாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் சுமை என்றால், பழைய ஆட்களைப் பழைய சம்பளத்துக்குக் குறையாமல் எடுக்கவேண்டும் என்று புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு அரசாணை எதுவும் வரவேண்டியதில்லை. செயற்குழுவின் கையெழுத்தே போதும்.