ஆயிலுக்கு அடியில் இருக்கும் உப்பு

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: கடைந்து முடித்த இரும்பில் ஆயிலைத் தடவிவிட்டால் அடுத்த வேலைவரை துரு அண்டாது. இது பாதிதான் சரி. தவறாக இருக்கும் மறுபாதி, ஐப்பசி கார்த்திகையில் நல்ல சரக்கைக் கழிவுக் கூடைக்கு அனுப்புகிறது.

சாணைக்கல்லால் ஹோனிங் முடிந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் துளையை எடுத்துக்கொள்வோம். அதன் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கீறல்கள்தான் பிற்பாடு எஞ்சின் ஆயிலைப் பிடித்துவைத்துப் பிஸ்டன் வளையத்தைக் காக்கின்றன. ஆனால் அந்தச் சுவர் அப்போதுதான் திறந்த புது இரும்பு. வார்ப்பிரும்பில் இரும்போடு கிராஃபைட் செதில்களும் கலந்திருப்பதால், ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவே நுண்ணிய மின்கலம் உருவாகி இரும்பு கரையத் தொடங்குகிறது. ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்புள்ளி தெரிந்துவிடும். முழுக் கழுவலுக்கு முன் அந்தத் துளை ஷிப்டு மாற்றத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ வராத லாரிக்கோ காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு மட்டுமான பாதுகாப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதே இங்கே கேள்வி.

இந்தக் கேள்விக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். ஒரகடத்தில் 2013 முதல் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் பெயரே, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதச் சாலைக்கு உதிரிபாகம் கொடுத்த உறவில் வந்தது. அந்தச் சாலையின் பெயரைத் தாங்கிய 1853ஆம் ஆண்டுத் துப்பாக்கி வாய்வழியாகக் கெட்டிப்பதுதான். 1857இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த கொழுப்புத் தோட்டா அதற்காக வந்தது. கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்த பின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும்: பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு. இவற்றுள் பொட்டாசியம் கார்பனேட், காற்றின் ஈரப்பதம் சுமார் 43 சதவீதம் தாண்டினாலே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். உப்பு நீரில் கரையும், ஆயிலில் கரையாது. கரிப் படிவத்தின் மேல் ஆயில் ஊற்றினால் உப்பு அடியில் அப்படியே இருந்து இரும்பைத் தின்னும். அதனால்தான் அனுபவசாலிகள் வேட்டைக்காட்டிலேயே முதலில் ஈரத்துணி, அடுத்து உலர்துணி, அதன் பிறகே ஆயில் என்று வரிசை வைத்தார்கள். வெந்நீர்க் கழுவல் வீட்டுக்குப் போய். தற்காலிகப் பாதுகாப்பின் முதல் பாதியே ஓரளவு சுத்தம்தான். ஆயில் அதற்கு அடுத்ததுதான்.

ஒரகடத்துத் துளைக்குள் வெடிமருந்து இல்லை. உப்பு இருக்கிறது. கூலன்ட் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. அந்த இடத்தை டேங்கர் தண்ணீராலோ போர்வெல் தண்ணீராலோ நிரப்பினால் குளோரைடு வாரத்துக்கு வாரம் ஏறும். ரிஃப்ராக்டோமீட்டரில் கலவை ஆறு சதவீதம் என்று ஒழுங்காகத் தெரியலாம்; குளோரைடைப் பற்றி அந்தக் கருவி எதுவும் சொல்லாது. வாரக் கடைசியில் இயந்திரம் நின்று, தொட்டியில் பாக்டீரியா பெருகி, திங்கட்கிழமை நாற்றமடிக்கும்போது காரத்தன்மையும் இறங்கியிருக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் வியர்வையின் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு ஈரம் பரிசோதனை அறையில் இருக்கிறது. அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்பதால் அந்த அறையைக் குளிர வைக்கிறார்கள். அங்கே ஊறிக் குளிர்ந்த துளையை, பனிநிலை 24 பாகையை எட்டும் மழைக்காலக் காற்றுக்கு நேரே கொண்டுவந்தால் உட்சுவர் முழுக்க வியர்க்கும். அந்த நீரின் மேல் ஆயில் தெளித்துவிட்டுக் "கவர் பண்ணியாச்சு" என்பது நீரைச் சிறைவைக்கும் வேலை. இரும்பு காற்றின் சூட்டுக்கு ஏறும்வரை மூடிய கவருக்குள் வைத்திருந்தால் போதும். காசு செலவில்லாத இந்த வழியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள்.

சரி, எதைப் பூசுவது? நீரை விலக்கும் மெல்லிய கரைப்பான் ஆயில் ஒரு வழி. 1953இல் சான் டியேகோவில் பிறந்த டபிள்யூடி-40 இந்த இனத்தில் புகழ்பெற்றது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஈரத்தைத் தள்ளுவதில் இந்த இனம் கெட்டி, நீண்ட நாள் காவலுக்கு ஆகாது. கெட்டியான மெழுகுப் படலம் நேர் எதிர்: மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் ஹோனிங் கீறல்களுக்குள் புகுந்து சாணைத்தூளையும் தன்னோடு பிடித்துவைக்கும். கழுவலில் அது முழுதாகப் போகாவிட்டால் எஞ்சின் ஓடும்போது அந்தத் தூளே வளையத்தை அரைக்கும். இடைக்காலப் பாதுகாப்பாக அதை நான் ஏற்கமாட்டேன். விசிஐ கவரில் கலந்த துருத்தடுப்பான் மூடிய வெளியில் ஆவியாகப் பரவித் துளையின் உள்வரை எட்டுவதால் அது நெடுந்தூரப் பயணத்துக்கு உகந்தது. கிழிந்த கவர், கைரேகை பதிந்த துளை இரண்டிலும் அது தோற்கும். பட்டறைக்குள் நாலு மணி நேரம் காத்திருக்கும் ட்ரேக்கு அது வீண்செலவு.

விற்பவர்கள் தரும் தாளில் ஈரப்பதப் பெட்டிச் சோதனையின் மணிக்கணக்கு இருக்கும். சுமார் 49 பாகை வெப்பம், நீராவி செறிந்த காற்று: சோதனை கடுமையானதுதான். ஆனால் அதில் தொங்குவது தேய்த்துக் கழுவிய சுத்தமான எஃகுத் தகடு. நம் கையில் இருப்பதோ கூலன்ட் காய்ந்த வார்ப்பிரும்பு. சுத்தமான இரும்பில் அந்தப் படலம் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு அது பதில். உப்பின் மேல் நிற்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. வடிதாளில் வார்ப்பிரும்புச் சீவலைப் பரப்பி, ஓடிக்கொண்டிருக்கும் கூலன்டை ஊற்றி, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளில் கறை பார்க்கும் எளிய சோதனை பட்டறைக்கு அதிகம் உதவும். கழித்த உருப்படிகளில் நாலைந்தைக் கார்த்திகையில் டிஸ்பாட்ச் கூரையடியில் தொங்கவிட்டுப் பார்ப்பது அதைவிட மேல்.

எதுவும் பூசாமல் உடனுக்குடன் கழுவிக் கோப்பதே சரி என்று வாதிடுபவர்களும் உண்டு. ஒரே கூரையின் கீழ் ஒவ்வொன்றாக நகரும் லைனில் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் ஒரகடம் வட்டாரத்தில் ஓர் எஞ்சினின் பாகங்கள் பல பட்டறைகளிலிருந்து சாலை வழியாக வந்து சேர்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றிய பெரிய வாகன ஆலைகள் நின்றபோது, கடைந்து வைத்த இரும்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. காத்திருப்பை ஒழிக்கும் திட்டம் மழையிடம் செல்லாது.

ஆகவே தற்காலிகப் பூச்சு தேவைதான், நிபந்தனைகளோடு. உப்பு நீக்கிய தண்ணீரில் ஓர் அலசல், காற்றால் உலர்த்தல், பட்டறைச் சூட்டுக்கு வரவிடுதல், பிறகு நீரை விலக்கும் மெல்லிய படலம், ட்ரேயில் நேரம் எழுதிய சீட்டு. அலசல் இல்லாத இடத்தில் பூச்சு ஏமாற்று. மழைக்காலத்தில் இரண்டு ஷிப்டு தாண்டிய ட்ரே மறுபடி அலசலுக்குப் போக வேண்டும். பழைய ஆயிலின் மேல் புது ஆயில் என்பது இந்தத் தொழிலின் மிக மோசமான பழக்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துரு கண்டதும் பழி போவது கடைசியாக அதைத் தொட்ட ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில். எமரி தாளைக் கொடுத்துத் தேய்க்கவும் அவரிடமே சொல்கிறார்கள். தேய்த்த துளை போர் கேஜில் தேறிவிடலாம். கீறல்கள் மழுங்கியதால் பின்னாளில் ஆயில் குடிக்கும் எஞ்சின் யாரோ ஒருவருடைய வண்டியில் இருக்கும். அப்படிப்பட்ட உருப்படியைக் கழித்துவிடுவதே நியாயம். அதன் விலையை எழுத வேண்டிய கணக்கும் தொழிலாளியின் கணக்கல்ல, அலசல் தொட்டிக்குக் காசு ஒதுக்காமல் உருப்படிக்கு விலை பேசியவர்களின் கணக்கு.