கீழடியைக் கேள்வி கேட்கும் உரிமை

ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் ரயிலில் ஹட்சனைக் கடந்தால் மன்ஹாட்டன். அங்கே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலப் பார்வதி ஒருத்தி இருக்கிறாள். 57.51.3 என்பது அவளுடைய பதிவெண். அவளைப் பற்றி அருங்காட்சியகம் எழுதி வைத்திருப்பதைப் படிக்க ரயில் ஏறவும் வேண்டாம். 2018இல் அவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகளை ஏபிஐ வழியாகத் திறந்துவிட்டார்கள். அனுமதிக் கடிதம் தேவையில்லை, கட்டணமும் கிடையாது.

ஏபிஐ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நம் பழைய பொது நூலகத்தை. சீட்டில் நூல் எண்ணை எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய் அந்த ஒன்றை மட்டும் எடுத்து வருவார். இங்கே சீட்டு எழுதுவதும் எடுத்துத் தருவதும் கணினி நிரல்கள். "தமிழ்நாட்டிலிருந்து வந்தவை எவை? அவற்றில் உலோகச் சிலைகள் எத்தனை? எந்த ஆண்டு வாங்கினீர்கள்?" என்று ஆயிரம் சீட்டுகளை ஒரு நிமிடத்தில் நீட்டலாம். கேள்வி நம்முடையது என்பதுதான் முக்கியம். அருங்காட்சியகம் காட்ட விரும்புவதை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்தோடு கீழடி அறிக்கையைத் திறந்தேன். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட 'கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்' என்ற நூல் அது. புலம்பெயர் வீடுகளில் இவ்வளவு பேசப்பட்ட அகழாய்வு நூல் வேறு இருக்காது. அதன் பெருமைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017-18இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வின் முடிவுகளைத் தாமதமின்றி, தமிழிலும் ஆங்கிலத்திலும், பொதுவாசகருக்குப் புரியும் மொழியில் தந்தார்கள். ஆறு கரிம மாதிரிகள் மயாமி நகர ஆய்வகத்துக்குப் போனதையும், அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்று பொ.ஆ.மு. 580 என்று காலம் காட்டியதையும் மறைக்காமல் எழுதினார்கள். தமிழ்-பிராமி எழுத்துள்ள 56 பானையோடுகள், கீறல் குறியீடுகள் கொண்ட 1,001 ஓடுகள் என்று எண்ணிக்கையும் தந்தார்கள்.

என் விமர்சனம் அதன் உள்ளடக்கத்தின் மீதல்ல, வடிவத்தின் மீது. என் கையில் இருப்பது பிடிஎஃப். அதை வாசிக்கலாம், வியக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். "அந்த 56 ஓடுகளில் 353 செ.மீ.க்கு அருகில் கிடைத்தவை எத்தனை? எந்தக் குழி? அதே மண்ணடுக்கில் வேறு என்ன இருந்தது?" என்று கேட்டால் கோப்பு பதில் சொல்லாது. ஆனால் எழுத்தின் காலம் பற்றிய சர்ச்சை முழுவதும் இந்தக் கேள்விகளில்தான் நிற்கிறது. ஓர் ஆழத்தின் கரித்துண்டுக்குக் கிடைத்த வயதை எந்தெந்த ஓடுகளுக்குக் கொடுக்கலாம் என்பதே வழக்கு. அந்த வழக்கில் சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்க முடியாத வாசகருக்கு இரண்டே வழிகள்: நம்புவது, அல்லது மறுப்பது. நம் விவாதங்கள் அந்த இரண்டு முகாம்களாகவே உறைந்து போனதற்கு அரசியல் மட்டும் காரணமில்லை.

இதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துகளின் தொகுப்பட்டியலைச் சொல்கிறேன். கணினியின் உதவியோடு உருவான அந்தப் புத்தகத்தில் விளக்கவுரை குறைவு, அட்டவணைகளே அதிகம். 417 குறியீடுகளுக்கும் எண் உண்டு. மீன் 59, பரவலாக வரும் ஜாடி வடிவம் 342. எந்தக் குறி எதன் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதை யாரும் எடுத்துப் பார்க்கலாம். மகாதேவன் அது திராவிட மொழி என்ற கருத்துடையவர். ஆனால் பட்டியலை அந்தக் கருத்துக்குப் பூட்டி வைக்கவில்லை. 2004இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் மூவரும் அது எழுத்தே அல்ல என்று வாதிட்டபோது அவருடைய எண்ணிக்கைகளையும் பயன்படுத்தினார்கள். 2009இல் ராஜேஷ் ராவ் குழு அது மொழியின் ஒழுங்கைக் காட்டுகிறது என்று 'சயன்ஸ்' இதழில் எழுதியபோதும் அடிப்படை அதே தொகுப்புதான். எதிரிக்கும் பயன்படும் வகையில் தரவைத் தருவது பெரிய மனது மட்டுமல்ல, அதுதான் ஆய்வு முறை. அச்சுக் காலத்திலேயே அவர் செய்தது ஏபிஐயின் வேலை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் சிந்து எழுத்துப் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். தமிழ்நாட்டின் 140 இடங்களில் கிடைத்த கீறல் குறியீடுகளைச் சிந்துக் குறிகளோடு ஒப்பிடும் நூலும் வெளிவந்தது. பெரும் உழைப்பு அது. பரிசுத் தொகையோடு ஒவ்வோர் ஓட்டின் படமும், இடமும், ஆழமும், குறியெண்ணும் கணினி படிக்கும் வடிவில் உலகுக்குக் கிடைத்தால் ஹூஸ்டனில் ஒரு கல்லூரி மாணவியும் ஃப்ரீமான்ட்டில் ஒரு பொறியாளரும் மாலை நேரத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். ஒப்புமைகளில் தற்செயல் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். சில ஒப்புமைகள் உதிரும். மிஞ்சுபவை உறுதிப்படும்.

தாமதம் இன்னொரு காரணம். கீழடியின் முதல் இரண்டு கட்டங்களை 2014 முதல் 2016 வரை தோண்டியது இந்தியத் தொல்லியல் துறை. அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் அளித்தார். திருத்தித் தரும்படி 2025 மேயில் அது அவரிடமே திரும்பியது. திருத்தம் நியாயமா என்பது தனி விவாதம். கண்டெடுத்த பொருள்களின் பதிவு வேறு, அவற்றின் மீதான முடிவுரை வேறு. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் ஒரு மேசையில் நிற்கும் கோப்பு எல்லோருடைய கண்ணையும் மறைக்கும்.

திறந்து வைத்தால் திருடர்கள் வருவார்களே என்ற மறுப்பு அற்பமானதல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் இயங்கும் ஓபன் கான்டெக்ஸ்ட் என்ற தொல்லியல் தரவகம் இதற்கு வழி கண்டிருக்கிறது. அங்குள்ள வட அமெரிக்கத் தொல்லிடங்களின் அட்டவணை துல்லியமான இடத்தைக் காட்டாது. சுமார் 20 கி.மீ. கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் சொல்லும். ஆய்வாளருக்கு அது போதும், மண்வெட்டியோடு வருபவனுக்குப் போதாது.

திருட்டைப் பேசினால் மறுபக்கத்தையும் பேச வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர், மன்ஹாட்டன் மேடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் வழியாக 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். நம் வீடுகளிலிருந்து அரை மணி தூரத்துக் கடை. அவர் கோயிலில் இருந்ததைக் காட்டிக் கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்த புகைப்படம். 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். அந்த நிறுவனத்திடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அன்று மனிதக் கண்கள் தேடி ஒப்பிட்டன. அந்தப் படங்களும் அருங்காட்சியகங்களின் பதிவுகளும் ஒன்றையொன்று நிரல் வழியே கேட்டுக்கொள்ள முடிந்தால் எத்தனை சிலைகள் அகப்படும்! இருட்டில் வைப்பது எப்போதும் பாதுகாப்பு ஆகாது.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளிடம் கீழடி என்றால் அவர்கள் முதலில் கேட்பது "தரவு எங்கே?" என்பதைத்தான். சிலருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்வதியிடம் கேட்க முடிந்ததை வைகைக் கரைப் பானையோட்டிடமும் கேட்க நினைக்கிறார்கள். நம் தமிழ்ச் சங்கங்கள் அடுத்த விழாவுக்குத் தொல்லியல் துறையினரை அழைக்கும்போது பொன்னாடையோடு இந்த ஒரு கோரிக்கையையும் கொடுக்கலாம்: முடிவுரை உங்களுடையதாகவே இருக்கட்டும், அட்டவணையை எங்களுக்கும் தாருங்கள்.