மூன்றாவது காவலர்

பிரெஞ்சுப் புரட்சியில் கொல்லப்படக் காத்திருப்பவர்களின் தலைகளை வரிசையின் முன்னாலிருந்து முறைக்கு ஒன்றாக எடுக்கும் கில்லட்டின் சீட்டாட்டத்துக்குப் புதிதாக உட்காருகிறவர்களின் கண், ராஜா ராணி தலைகளை விட்டு நகராது. பதினாறாம் லூயிக்கு 5 புள்ளி, மேரி அன்டோனெட்டுக்கு 5 புள்ளி. ஆசை வருவது இயல்புதான். ஆடிப் பழகியவர்கள் வரிசையில் தேடுவது வேறொருவரை: அரண்மனைக் காவலர்.

தனியாகச் சிக்கினால் அவர் 1 புள்ளிக்கு மேல் தேறமாட்டார். இருவர் சேர்ந்தால் ஆளுக்கு 2, ஆக 4. மூவர் என்றால் 9. நால்வரைச் சேர்த்துவிட்டவர் கையில் 16. ராஜாவையும் ராணியையும் ஒருசேரப் பிடித்தவரும் அந்தக் கணக்கை எட்ட முடியாது.

பால் பீட்டர்சன் வடிவமைத்து, 1998இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் சாமர்த்தியமான சீட்டுகள் நிறைய உண்டு. ஆனாலும் காவலருக்கு நிகர் காவலர்தான். மேசையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கவனித்தால் காரணம் புரியும். முதல் காவலரை ஒருவர் எடுக்கும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாமவரையும் எடுத்தால் எதிரே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மூன்றாமவர் வரிசையில் தலைகாட்டிவிட்டாலோ, அதுவரை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த ஆள்கூட, கைக்கெட்டிய கொழுத்த தலையை விட்டுவிட்டு, தனக்கு ஒற்றைப் புள்ளிக்குமேல் தராத அந்தச் சிப்பாயை முன்னே இழுத்து எடுத்துக்கொள்வார். தான் ஜெயிக்க அல்ல, அடுத்தவர் ஜெயிக்காதிருக்க! ஒரே வரி விதியால் இவ்வளவு பகையை மூட்டிவிடும் சீட்டு வேறு எந்தப் பெட்டியிலும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அவர் சுவிஸ்காரர் என்று சீட்டில் எங்கும் இல்லை. ஆனால் 1792 ஆகஸ்ட் 10ஐ நினைக்காமல் அந்தச் சீட்டைப் பார்க்க முடியாது. அன்று டுயிலரீஸ் அரண்மனையைக் காத்து நின்ற சுமார் 900 சுவிஸ் காவலர்களில் ஏறக்குறைய 600 பேர் சண்டையிலும் அதையடுத்த படுகொலையிலும் மாண்டார்கள். அவர்கள் காக்க வேண்டிய ராஜாவோ குடும்பத்தோடு அதற்கு முன்பே சட்டமன்றத்துக்குள் போய்விட்டிருந்தார். அவர்களது மேஜர் பாக்மன் செப்டம்பர் 3 அன்று கில்லட்டினுக்குப் போனார். லூசெர்ன் நகரில் பாறையில் குடைந்த சாகும் சிங்கம், 1821 முதல் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான நினைவுச்சின்னம். வடிவமைத்தவர் சிற்பி தோர்வால்ட்சன். பெரும்பாலும் தனித்தனியே பெயர் தெரியாத, கூட்டமாகவே நினைக்கப்படுகிற அந்த மனிதர்களுக்குக் கூட்டமாக இருந்தால்தான் மதிப்பு என்று பீட்டர்சன் விதி எழுதியது தற்செயலாகக்கூட இருக்கலாம். இருந்தால் நல்ல தற்செயல்.

இது முழுக்க அதிர்ஷ்டம், மூளைக்கு வேலையில்லை என்று கனமான ஆட்டங்களின் ரசிகர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்கு, ஒரு தலையைச் 'சரியாக 4 இடம்' முன்னே தள்ளும் சீட்டே பதில். நால்வர் ஆடும்போது வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் தலை, யாரும் கலைக்காவிட்டால் அடுத்த சுற்றில் நமக்கே வரும். அதை இப்போதே இழுத்துக்கொள்வதா, மூவரும் கைவைக்கமாட்டார்கள் என்று நம்பிச் சீட்டைக் கையில் வைத்திருப்பதா? '3 இடம் வரை' என்ற சீட்டு இந்தத் தலைவலியைத் தராது. அதில் நம் இஷ்டத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம். பொறுமைக்குச் சோதனை வைப்பது அந்தச் 'சரியாக' தான்.

இன்னொரு குறை கொஞ்சம் கனமானது: சாவை வைத்து விளையாட்டா? குவிண்டன் ஹூவரும் மைக் ராபியும் வரைந்த உப்பிய கன்னங்களும் பூசிய முகங்களும் அந்தக் கேள்வியை மழுப்பிவிடுகின்றன.  வரலாறு அந்தக் கோடுகளைப் போல அவ்வளவு சாதுவாக இல்லை. புரட்சியின் பயங்கர ஆட்சியில் தீர்ப்பெழுதிக் கொல்லப்பட்ட ஏறத்தாழ 17,000 பேரில் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குகூடத் தேறமாட்டார்கள். பெரும்பாலோர் சாமானியர். அவர்களில் யாரையாவது எடுத்தால் புள்ளி குறையும் என்று சாம்பல் நிறச் சீட்டுகளை வைத்த அளவில் ஆட்டத்துக்கு மனசாட்சி இருக்கிறது.

வரிசை என்பதுகூட வெறும் ஆட்டக்காரர் கற்பனை அல்ல. 1794 ஜூலை 17 அன்று கொம்பியேன் மடத்துக் கார்மலைட் சகோதரிகள் 16 பேர் பாரிஸில் கொல்லப்பட்டபோது இளையவர் முதலில் போனார், மடத்தலைவி கடைசியில். பதினொரு நாள் கழித்து, ஜூலை 28 அன்று, பயங்கர ஆட்சியை முன்னின்று நடத்திய ரோபெஸ்பியரும் கூட்டாளிகள் 21 பேரும் அதே கத்திக்குத் தலை கொடுத்தார்கள். ஆட்டத்தில் அவரை எடுத்தால் அன்றைய நாள் அத்தோடு முடிகிறது. வரிசையில் மிச்சமிருப்பவர்களுக்கு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஒரு பக்க வரலாற்றை ஒரு வரி விதியில் அடக்கியது அபாரம்.

இன்றைய பெட்டிகளைத் திறந்தால் பிளாஸ்டிக் பொம்மைகள், பாதிக்கு வெறும் காற்று, விதிப்புத்தகம் படிக்கவே ஒரு மணி நேரம். கில்லட்டினிலும் அட்டையில் நிறுத்தி வைக்கிற கொலைப்பொறி ஒன்று உண்டு, ஆட்டத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அது அரை நிமிடத்தில் நின்றுவிடும். ஆட்டமும் அரை மணியில் முடிந்துவிடும். ஐந்து பேர் வரை ஆடலாம் என்று பெட்டி சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்து பேர் ஆனால் நம் முறை வருவதற்குள் வரிசை அடையாளம் தெரியாமல் கலைந்துபோகும், திட்டம் என்ற ஒன்றே மிஞ்சாது. மூவரோ நால்வரோ உட்காருவதுதான் சரி.