ஊன்றிய கால்கள்

குருசுக்குப்பத்தில் வெயில் தாழ்ந்த வேளையில், மண்தரையில் இரும்புக் குண்டுகள் மோதும் அந்த 'டங்' எனக்கு அவ்வளவு பிடிக்கும். பெத்தாங்! பிரெஞ்சுக்காரர்கள் போன பின்னும் புதுச்சேரி விடாத ஆட்டம்.

வட்டத்துக்குள் இரு பாதங்களும் ஊன்றியிருக்க வேண்டும். பெயருக்கே அதுதான் பொருள். 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்ன மரக்குண்டை, வீசும் இரும்புக் குண்டு நெருங்கவேண்டும். முக்கால் கிலோ இரும்பை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து, பின்சுழற்சி கொடுத்து வீசுவார்கள். ஓடிப்போகவேண்டிய குண்டு, விழுந்த இடத்திலேயே அடங்கி நிற்கும். என்ன அழகு அது!

1959 முதல் உலகப் போட்டியும் உண்டு. எனக்கோ இந்த மண்ணே போதும். 13 புள்ளி எடுத்தால் வெற்றி. 12-க்கு 12 என்று நிற்கையில், எந்தக் குண்டு மரக்குண்டுக்கு நெருக்கம் என்று நாடா பிடித்து அளப்பவரைச் சுற்றி எல்லோரும் குனிகிறார்கள்.