யார் வீட்டுச் சுவர்? ஆங்கிலத் துறைகளில் அமெரிக்க இலக்கியம்

ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தருகிற எந்த முறையும், அதை யார் வாசிக்கலாம் என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. நமது ஆங்கிலத் துறைகளில் அமெரிக்கக் கவிதையும் நாவலும் கற்பிக்கப்படும் விதம் பற்றி நான் பேச நினைப்பது இங்கிருந்துதான். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு பேசுகிறேன் என்பதும் இதில் சேர்த்தி. செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், போளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பல வருஷமாக இந்தப் பிரதிகளை வாசித்து வருகிறேன். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் அதிகம். கையில் மூலப்பிரதி இருக்காது, கடையில் விற்கிற நோட்ஸ்தான் இருக்கும். அந்த நோட்ஸில் ஒரு கவிதைக்கு ஒரு அர்த்தம். அந்த அர்த்தத்துக்குப் பத்து மார்க்.

மலையடிவார ஊர் என்பதால் இங்கே ஒரு வாசிப்பு ரொம்பவும் செல்லுபடியாகும். எமர்சனில் வேதாந்தம், தோரோவில் கீதை, விட்மனில் அத்வைதம், எலியட்டில் உபநிஷத்து. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அமெரிக்க இலக்கிய ஆய்வு என்ற பெயரில் குவிந்த தலைப்புகளில் பெரும் பங்கு இந்தத் தேடுதல் வேட்டைக்குப் போயிருக்கிறது. 1938-இல் சாமர்செட் மாம் ரமணாசிரமத்துக்கு வந்து போனார். 1944-இல் வெளியான அவருடைய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் லாரி என்கிற அமெரிக்க இளைஞன் ஒரு இந்திய குருவிடம் ஞானம் தேடுகிறான். மாம் பிரிட்டிஷ்காரர். நாவலில் ஆசிரமம் இருப்பதும் திருவாங்கூரில். ஆனாலும் எங்க ஊர் பேர் உலக இலக்கியத்தில் ஏறிவிட்டது என்று பெருமை பேசுவதில் இங்கே குறைவில்லை.

வேதாந்தத் தேடல் பொய் என்று நான் சொல்லவில்லை. எமர்சன் 1857-இல் 'பிரம்மா' என்று ஒரு கவிதை வெளியிட்டது உண்மை. 'வால்டன்' (1854) கீதையைப் போற்றுவதும் உண்மை. எதை எடுத்துக்கொண்டு எதைக் கீழே போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அடிமை முறைக்கும் மெக்சிகோப் போருக்கும் துணைபோகிற அரசாங்கத்துக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று 1846-இல் ஒரு ராத்திரி சிறையில் கிடந்தவர் தோரோ. அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனுக்காக, எல்லோரும் வாய்மூடிக் கிடந்தபோது, 1859-இல் மேடையேறிப் பேசியவர். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கச் சொன்ன 1850ஆம் வருஷச் சட்டத்தை எமர்சனும் பகிரங்கமாக எதிர்த்தார். வகுப்பில் கீதை படித்த தோரோ வருகிறார், ஜான் பிரவுனுக்காகப் பேசிய தோரோ வருவதில்லை. அடிமைகளைப் பற்றிப் பேசினால் அடுத்த கேள்வி சேரியைப் பற்றி வந்துவிடும். நம்ம சரக்கைத்தான் அவன் வாங்கிக்கொண்டு போனான் என்கிற வாசிப்பில் அந்த ஆபத்து கிடையாது. அதில் 'நம்ம' என்பது யார் என்று எவரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இந்தியாவில் அமெரிக்காவை வேறு விதமாக வாசித்தவர்கள் உண்டு. ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1946-இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் தந்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்த வரிசை எந்த ஆங்கிலத் துறையின் 'அமெரிக்கத் தாக்கம்' பாடத்திலும் வந்து நான் பார்த்ததில்லை.

சரி, துறைகளுக்குள் வந்த முறை எது? கிளியந்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் 1938-இல் போட்ட 'அண்டர்ஸ்டேண்டிங் பொயட்ரி' என்கிற பாடநூல்தான் அதன் மூலவர். கவிதையை அதன் சொற்களுக்குள்ளேயே வாசி. ஆசிரியன் யார், எந்தக் காலம், யாருக்காக என்பதையெல்லாம் வெளியே வைத்துவிட்டு வா. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிற மாதிரி. ஆசிரியனின் நோக்கத்தைத் தேடுவதே பிழை என்று விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் சாஸ்திரமும் எழுதிவிட்டார்கள். நியூ கிரிட்டிசிசம், புதுத் திறனாய்வு என்று நாம் அழைப்பது இதைத்தான்.

இந்தப் புதுத் திறனாய்வாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஜான் குரோ ரான்சம், ஆலன் டேட், வாரன் மூவரும் 1930-இல் 'ஐ வில் டேக் மை ஸ்டாண்ட்' என்ற கட்டுரைத் தொகுப்பில் எழுதியவர்கள். வடக்கத்திய இயந்திர நாகரிகத்துக்கு எதிராகத் தெற்கின் வேளாண் வாழ்வைத் தூக்கிப்பிடித்த நூல் அது. தெற்கின் வேளாண் வாழ்வு என்றால் யார் உழுதது என்று நமக்குத் தெரியாதா? தஞ்சாவூர் மிராசு ஒருவர் பண்ணை வாழ்வின் மேன்மை பற்றி எழுதினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தத் தொகுப்பில் வாரன் எழுதிய கட்டுரை கறுப்பர்கள் தனியே பிரிந்து வாழ்வதை ஏற்றுக்கொண்டது. பிறகு அவர் மாறினார், 1956-இலும் 1965-இலும் நிறப் பிரிவினைக்கு எதிராகப் புத்தகங்களே எழுதினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுதியவனின் பிறப்பையும் மண்ணையும் கேட்காதே என்கிற விதி, கேட்டால் சங்கடப்படுகிற ஒரு மண்ணிலிருந்து வந்தது என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

அது நம்மிடம் வந்த பாதையும் கவனிக்கத்தக்கது. 1954-இல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டத்தின்படி கோதுமை வந்தது. அதற்கு நாம் கொடுத்த ரூபாயில் ஒரு பகுதி இங்கேயே கல்விக்கும் நூல்களுக்கும் செலவானது. அதே காலகட்டத்தில் யூசிஸ் நூலகங்கள், ஃபுல்பிரைட் பேராசிரியர்கள், 1964-இல் ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம். தமிழ்நாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் ரயிலேறிப் போய் அந்த நூலகத்தில் வாசித்துக் குறிப்பெடுத்து வந்தார்கள். அந்த நூலகம் நல்ல நூலகம்; நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. டில்லி யுரேசியா பதிப்பகம் போட்ட ஃபிஷர் தொகுப்பும் எக்பர்ட் ஆலிவர் தொகுப்பும் பல தலைமுறைக்கு அமெரிக்க இலக்கியம் என்பதன் எல்லையாகவே ஆகிப்போயின. ஆலிவர் தொகுப்பின் தலைப்பே 1890-1965 என்று நிற்கிறது. மால்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்ட வருஷத்தோடு அமெரிக்க இலக்கியம் முடிந்துவிட்டது!

சிறுபத்திரிகைப் பக்கமும் இதே காற்று வீசியது. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து'வில் அலசல் விமர்சனம் என்று முன்வைத்ததற்குப் புதுத் திறனாய்வோடு நெருங்கிய உறவு உண்டு. ஆனால் அவர் விஷயம் வேறு. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய மனிதர் அவர். ரசனை, அபிப்பிராயம் என்று சாய்வு நாற்காலியில் நடந்துகொண்டிருந்த பேச்சுக்கு எதிராக, பிரதியைக் காட்டிப் பேசு என்று அவர் கேட்டது தேவையான கலகம். தமிழில் கலகமாக வந்த அதே முறைதான் ஆங்கிலத் துறைக்குள் வினா-விடையாக உறைந்துபோனது.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே நுண்வாசிப்பைத் தூக்கி எறிவோம் தோழர்களே என்று முடிப்பது சுலபம். நம்மில் பலர் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ராபர்ட் ஃபிராஸ்டின் 'மெண்டிங் வால்' கவிதையை எடுத்துக்கொள்வோம். 1914-இல் வந்த தொகுப்பில் உள்ளது. நம் பாடத்திட்டங்களில் தவறாமல் இருக்கும். நோட்ஸ் சொல்வது: சுவர் மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கிறது, கவிஞர் சுவரை எதிர்க்கிறார், பக்கத்துத் தோட்டக்காரன் பழமைவாதி. எழுதினால் மார்க் வரும்.

கவிதையைத் திறந்து வரி வரியாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. சுவரைக் கட்டலாம் வா என்று வருஷா வருஷம் கூப்பிட்டு அனுப்புவதே கவிதை சொல்லிதான். வேட்டைக்காரர்கள் பிரித்துப்போட்ட கற்களைப் பின்னாலேயே போய் அடுக்கி வைப்பவனும் அவன்தான். சுவர் எதற்கு என்று மனசுக்குள் கிண்டல் செய்கிறான், வாய்விட்டுக் கேட்பதில்லை. கடைசியில் கல்லைத் தூக்கிவரும் பக்கத்துக்காரனைக் கற்கால மனிதனாகப் பார்க்கிறான். யார் இங்கே முற்போக்கு? இந்தக் கேள்வி நோட்ஸில் இல்லை, பிரதியில் இருக்கிறது. புரூக்ஸும் வாரனும் கொடுத்த கருவியைக் கொண்டே இதை எடுக்கலாம்.

அதற்கு மேல் போவதற்குத்தான் அந்தக் கருவி போதாது. ஃபிராஸ்டின் சுவருக்கு இரண்டு பக்கமும் நிலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் சொந்தக்காரன் இருக்கிறான். இந்தப் பக்கம் விழுந்த கல்லை இவன் எடுக்கிறான், அந்தப் பக்கம் விழுந்ததை அவன் எடுக்கிறான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் கட்டப்பட்ட சுவர் அப்படியா? ஊர் கூடிப் போட்ட ஒப்பந்தப்படிதான் கட்டினோம் என்று அங்கேயும் சொன்னார்கள். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் மதில் இடிந்து விழுந்து 17 பேர் செத்தார்கள். அந்தப் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவரைப் பார்த்துப் புன்னகைக்கிற ஃபிராஸ்டின் அங்கதம் சமமானவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற அங்கதம். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் காவலோடு தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முதலாகப் போனார்களே, அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற மாணவன் ஃபிராஸ்டின் கவிதைக்கு அடிக்குறிப்பு எழுதத் தகுதியானவன். வகுப்பு அவனிடம் கேட்பது சுவர் எதன் குறியீடு என்று. அவனுக்குச் சுவர் குறியீடு இல்லை, சார்.

எண்பதுகளில் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' (1982) தொடங்கி தொண்ணூறுகளின் தலித்திய, பின்நவீனத்துவ விவாதங்கள் வரை, யார் வாசிப்பது என்ற கேள்வியைத் தமிழில் எழுப்பியது துறைகளுக்கு வெளியே இருந்த இதழ்கள்தான். துறைகள் பிறகு கோட்பாட்டையும் ஒரு தாளாக்கிக்கொண்டன. இப்போது பாடத்திட்டத்தில் டோனி மாரிசன் இருக்கிறார், கறுப்புப் பெண்ணியம் இருக்கிறது, அதற்கும் நோட்ஸ் இருக்கிறது.

மாரிசன் 1992-இல் வெளியிட்ட 'பிளேயிங் இன் தி டார்க்' நோட்ஸுக்கு அடங்காத சின்னப் புத்தகம். வெள்ளை எழுத்தாளர்களின் நாவல்களில் கறுப்பர்கள் எதற்காக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அதில் பார்க்கிறார். ஹெமிங்வேயின் 1937ஆம் வருஷ நாவல் 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' பற்றி ஒரு இடம். படகை ஓட்டுகிற கறுப்பன் பறக்கும் மீன்களை முதலில் பார்த்துவிடுகிறான். பார்த்தவன் கத்த வேண்டும். ஹெமிங்வே அவனைக் கத்த விடவில்லை. அவன் பார்த்ததைத் தான் பார்த்ததாகக் கதைசொல்லியைச் சொல்லவைக்கிறார். அதனால் வாக்கியமே கோணிக்கொள்கிறது. சுத்தமான வாக்கியத்துக்குப் பேர்போன ஆள், ஒரு கறுப்பனுக்குக் குரல் கொடுக்காமலிருக்க இலக்கணத்தையே வளைக்கிறார். இது நுண்வாசிப்பு இல்லையென்றால் வேறு எது? கருவி பண்ணையார் வீட்டுக் கருவிதான், கை மாறியிருக்கிறது.

இதே கண்ணோடு இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லுக்கு (1975) வாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பின்னணியாகக் கொண்டு, 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். நிலப்பிரபுவின் கொடூரத்துக்கு அவனுடைய ஆண்மைக்குறைவு ஒரு விசையாக வைக்கப்பட்டிருப்பதை நம் விமர்சகர்கள் அப்போதே கண்டித்தார்கள். கண்டித்தது சரி, கூலிப் போராட்டம் உளவியல் சிக்கலாகிப் போனது என்றார்கள். மாரிசனைப் படித்த பிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. எஜமானின் மனசுக்குள் இறங்கிப் பார்க்க, எரிகிற குடிசை ஒரு வெளிச்சமாகப் பயன்பட்டிருக்கிறது. குடிசைக்குள் இருந்தவர்களுக்கு அந்த மாதிரி ஒரு மனசு, ஒரு சிக்கல், ஒரு ஆசை நாவலில் எத்தனை பக்கம் தரப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நாவலின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை, ஹெமிங்வேயின் நல்லெண்ணத்திலும்தான்.

நம்ம பக்கத்துக்கும் வருகிறேன். தமிழ்நாட்டில் இயக்கத்து ஆட்கள் அதிகம் வாசித்த அமெரிக்க நாவல் எது என்றால், அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' (1976), ஏ.ஜி. எத்திராஜுலுவின் 'ஏழு தலைமுறைகள்' வழியாக, என்றுதான் சொல்வேன். ராத்திரியோடு ராத்திரியாகப் படித்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அது எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு, கூர்லாண்டரின் நாவலிலிருந்து எடுத்த பகுதிகளுக்காக 1978-இல் ஹேலி ஏன் வழக்கைச் சமரசம் செய்துகொண்டார் என்றெல்லாம் பேச்செடுத்தால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும். பல்கலைக்கழகம் வடிவத்தை வைத்துக்கொண்டு வரலாற்றை வெளியே தள்ளியது என்றால், நாம் சேதியை வைத்துக்கொண்டு வடிவத்தைத் தள்ளினோம். இதனால் நஷ்டம் எழுதுகிறவர்களுக்கு.

லாங்ஸ்டன் ஹ்யூஸை நாம் முழக்கமாகவே வாசித்தோம். 1926-இல் வந்த 'தி வியரி புளூஸ்' தொகுப்பின் பெயரிலேயே இசை இருக்கிறது. புளூஸ் பாட்டின் வழக்கமான கட்டு மூன்று வரி: ஒன்றைச் சொல்லு, அதையே திரும்பச் சொல்லு, மூன்றாவதில் பதில் கொடு. இரண்டாம் தடவை சொல்லும்போது சொல் அதேதான், பாரம் மட்டும் கூடியிருக்கும். பருத்திக் காட்டிலும் சிறையிலும் வேலை செய்த வாய்கள் உண்டாக்கிய வடிவம் இது. நான் பார்த்த சில தமிழாக்கங்களில் இந்த இரண்டாவது வரியைக் காணோம். கூறியது கூறல் குற்றம் என்று நன்னூல் படித்த கை வெட்டியிருக்கும் போல.

ஒரு தடவை வெட்டாமல் மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தோம். "எங்க ஆயா ஒப்பாரி வைக்கிறப்ப இப்படித்தான் சார், சொன்னதையே இன்னொரு வாட்டி சொல்லி இழுக்கும், அப்புறம்தான் அடுத்தது" என்றாள் ஒரு மாணவி. ஆயா இழுக்கிற இடத்தில் மூச்சு எங்கே விடும், கூட உட்கார்ந்தவர்கள் எங்கே சேர்ந்துகொள்வார்கள் என்று அரைமணி நேரம் அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். அவளுக்கு நெறியாளர் கொடுத்திருந்த ப்ராஜெக்ட் தலைப்பு, எமர்சனும் வேதாந்தமும்.