பிடிக்காமல் விட்ட பிடி

பூவத்துக் கடற்கரை மணலில், சீட்டுக் குலுக்கி நால்வர் நால்வராகப் பிரிந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டாளிகளை மாற்றிக்கொண்டு ஆடும் கபடியைப் பற்றி நம் ரசிகர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது: பழக்கமில்லாத நாலு பேர் கூடி எவரையும் பிடிக்க முடியாது, ஆகையால் பாடிப்போய்த் தொட்டு வருவதில் சமர்த்தர் எவரோ அவருக்கே ஜயம் என்பது. கரையில் நின்று பார்க்கிற பெரியவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

அந்த மணலில் வலது கார்னரில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம், பெயர் வேண்டாம். பக்கத்துத் தடுப்பாளரான புதிய கவரோடு கைகோத்து நிற்கும் ஆட்டங்களில், முதல் இரண்டு மூன்று ரெய்டுகளில் அவர் எவரையும் பிடிப்பதில்லை. பாடி வருகிறவர் காலை நீட்டிக் கணுக்காலைத் தானமாகவே கொடுத்தாலும், குனிந்த நிலை மாறாமல் பின்வாங்கிக் கடைக்கோட்டை ஒட்டி நின்றுவிடுகிறார். "விட்டுட்டான், விட்டுட்டான்" என்று கரை முழுவதும் கூச்சலிடுகிறது. பயந்தாங்கொள்ளி என்ற பட்டமும் அவருக்கு வந்து சேர்ந்தாயிற்று. அவருடைய கண் எதிரியின் காலில் இருந்தாலும் கவனம் முழுவதும் தம்முடைய இடது கையில் இருக்கிறது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. கோத்த விரல்களின் வழியே புதுக் கூட்டாளியின் சுபாவத்தை அவர் படிக்கிறார்: எதிரி உள்ளே நுழையும் கணத்தில் அந்தக் கை முன்னே இழுக்கிறதா, பின்னே இழுக்கிறதா, அல்லது எல்லாவற்றிலும் மோசமாக, இறுகாமலே தொங்குகிறதா? முன்னே இழுக்கும் கை என்று நிச்சயமான பிறகு, நாலாவது ரெய்டில், கையை உதறிவிட்டுக் கணுக்காலில் விழுகிறார். கவர் இடுப்பில் விழுகிறார். பின்னே இழுக்கும் கையானால் அந்த ஆட்டம் முழுவதும் அவர் விழுவதே இல்லை. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் பிடியைத் தனியொருவரின் வீரச்செயலாக நினைக்கிறார்கள். கபடியில் பிடி எப்போதும் இரண்டாவது ஆளுடையது. முதல் ஆள் கொடுப்பது அழைப்பு மட்டுமே.

கடற்கரைக் கபடியின் விதிகளே இந்தத் தவறான எண்ணத்துக்கு ஒரு காரணம். 2008-இல் பாலியில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டுகளின் காலந்தொட்டு நிலைபெற்ற முறைப்படி களத்தில் நால்வர், வெளியே மாற்று வீரர் இருவர். அவுட் ஆனவர் வெளியேறுவதும் இல்லை, உயிர் பெற்றுத் திரும்புவதும் இல்லை. புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே போகும். பழைய நாளில் சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூவகையாகப் பிரித்தார்களே, அவற்றில் அமர் என்பதன் வாரிசு இது. ஆள் குறையாது என்பதால் துணிந்து விழுவதில் நஷ்டமில்லை என்று தோன்றுகிறது. ஆனால் அரைமனதோடு வந்த கவரையும் தொட்டுவிட்டு எதிரி கோட்டைத் தாண்டினால் ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி போகிறது. அதில் ஒன்று, அன்று காலையில்தான் நம்மோடு சேர்ந்த மனிதரின் கணக்கில் எழுதப்படுகிறது.

இரண்டாவது ஆளை நம்பி இறங்குவது கபடிக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் இடைக்காலப் போர்வீரரைப் போல எஃகுக் கவசம் பூண்டு, ஐவர் ஐவராக மோதிக்கொள்ளும் புகூர்ட் என்றொரு பந்தயம் உண்டு. இரு பாதங்களைத் தவிர மூன்றாவதாக ஓர் அங்கம் தரையில் பட்டால் அந்தச் சுற்றுக்கு அவர் தீர்ந்தார். அதாவது, அவுட் ஆனவர் சுற்று முடியும்வரை திரும்பாத நம்முடைய காமினி. எதிரியோடு மல்லுக்கட்டி நிற்பவர் வேறு, பக்கவாட்டில் வந்து அந்த எதிரியை மோதிச் சாய்க்கிற தோழர் வேறு. தோழர் வருவார் என்ற நம்பிக்கையில்தான் முதலாமவர் மல்லுக்கட்டுகிறார். கவசமில்லாத நம் கார்னர்காரருக்கும் இதே சங்கடம்தான்.

சீட்டுக் குலுக்குவதை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன். சீட்டு குருடு, ஒரே மூவரை மறுபடியும் மறுபடியும் ஒன்றாகப் போட்டுவிடும். எட்டுப் பேர் இருந்தால் ஏழு ஆட்டங்களில் கணக்கு அழகாக முடியும்படி அட்டவணை போடலாம்: எந்த இருவரும் மூன்று ஆட்டங்களில் தோழர், நான்கில் எதிரி, எந்த மூவரும் ஒரே ஒரு முறைதான் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். பாதிக்கு 15 நிமிஷம் என்ற முறையை வைத்துக்கொண்டால் பொழுது சாய்ந்துவிடும். ஐந்தைந்து நிமிஷம் போதும். பக்கம் எடுத்த புள்ளி நால்வருக்கும் சமமாக எழுதப்பட வேண்டும், பக்கம் இழந்தது நால்வருக்கும் கழிக்கப்பட வேண்டும். தொட்டவருக்கே புள்ளி என்று வைத்துவிட்டால் எட்டுப் பேரும் பாடத்தான் போவார்கள், கார்னரில் நிற்க ஆளிராது.

பூவத்தில் இப்படிக் கூட்டாளிகளை மாற்றி ஆடுவதற்குத் தனி நியாயமும் உண்டு. வடக்கே பொறையாற்றுக்காரர் தேசியப் போட்டியென்றால் தமிழ்நாட்டு அணிக்கு. கூப்பிடு தூரத்தில், புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பூவத்துக்காரர் புதுச்சேரி அணிக்கு. சங்கங்களின் பதிவேட்டில் ஒருநாளும் ஒன்றுசேராத இருவர் இந்த மணலில் கைகோக்க முடிகிறது.

2025-இல் தியூவில் நடந்த கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகளிலும் கபடி இடம்பெற்ற பிறகு, இந்த மணலாட்டத்துக்கு மவுசு கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வரும் பொங்கலுக்கு எவராவது இப்படியோர் அட்டவணை போட்டு நடத்தினால் நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று ஆட்டங்கள் வரையில் ரெய்டர்களே மேலே இருப்பார்கள், நம் ரசிகர்களும் மீசையை முறுக்கிக்கொள்வார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் வரிசை கலையும். மணலில் ஓடி ஓடிக் கால் கனத்தவர்கள் தொட்டுவிட்டுத் திரும்பத் திணறுவார்கள், அப்போது பிடிக்கிற ஜோடிகளின் காலம் வரும். நம் வலது கார்னர்காரர் முதலிடம் பெறுவார் என்று நான் சொல்லமாட்டேன், மூன்றாவதாக வருவார். ஆனால் முதலிரண்டு இடத்தையும் பிடித்தவர்களின் கணக்கைப் புரட்டிப் பாருங்கள், அவரோடு ஒரே பக்கத்தில் நின்ற மும்மூன்று ஆட்டங்களில்தான் அவர்களுடைய புள்ளியில் பெரும்பகுதி சேர்ந்திருக்கும்.